பழைய சிந்தசைசரில் பட்டன் மக்கர் செய்தால்: ரப்பர் காண்டாக்டைச் சரிசெய்வது எப்படி

பழைய சிந்தசைசர் (ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கும் கீபோர்டு) ஒன்று கைக்கு வந்தால் முதலில் படுத்துவது பெரும்பாலும் அதன் பட்டன்கள்தான். சாதாரணமாகத் தட்டினால் ஒன்றும் நடக்காது, விரலை ஊன்றி அழுத்தினால் கேட்கும். சில சமயம் ஒரே அழுத்தலை இரண்டாக எடுத்துக்கொண்டு, நமக்கு வேண்டிய ஒலியைத் தாண்டி அடுத்ததில் போய் நிற்கும். "ரப்பர் தேஞ்சு போச்சு, கார்பன் பெயின்ட் அடிச்சுடு" என்று யாராவது உடனே யோசனை சொல்வார்கள். அவசரம் வேண்டாம். தேய்ந்துவிட்டது என்று நினைக்கிற பட்டன்கள் பலவற்றில் உண்மையில் இருப்பது அழுக்குப் படலம். முதலில் சோதிக்க வேண்டும், அப்புறம் துடைக்க வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும். இவ்வளவுக்கும் மசியாத பட்டனுக்கு மட்டும்தான் பூச்சு வேலையும் ஒட்டு வேலையும். இந்த வரிசையை மாற்றினால் பிழைக்கக்கூடிய பட்டனையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம்.

உங்களுடையது ரப்பர் பட்டன்தானா?

எல்லா சிந்தசைசரிலும் ரப்பர் இருக்காது. அழுத்தும்போது 'டிக்' என்று தெளிவாக ஒரு சத்தம் வந்து, விரலுக்கும் அது தட்டுப்பட்டால், உள்ளே இருப்பது டாக்ட் சுவிட்ச், அதாவது போர்டில் பற்றவைத்த சிறு மூடிய சுவிட்ச். ரோலண்ட் டி-50 அந்த வகை. அதைத் துடைத்துப் பயனில்லை, பற்றவைப்பைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் மேலே தட்டையாக ஒட்டிய மெம்பிரேன் பட்டன்கள். அது வேறு கதை. அழுத்தினால் மெத்தென்று அமுங்கி, சத்தமில்லாமல் எழும்பி வருகிறதென்றால் அது ரப்பர். கேசியோ எஸ்கே-1 போன்ற சிறிய கீபோர்டுகளில் பார்க்கலாம். பட்டன்கள் வேறு வகையாக இருந்தாலும் வாசிக்கும் கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை இருப்பதுண்டு. 1988இல் வந்த கோர்க் எம்1 அப்படிப்பட்டது. கட்டைகளின் சங்கதிக்குத் தனியாக வருகிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

பட்டனுக்கு அடியில் சிலிக்கான் ரப்பரில் ஒரு சிறு குமிழ். குமிழின் உட்கூரையில், கார்பன் கலந்த கறுப்பு ரப்பரில் ஒரு வில்லை. அதற்கு நேர்கீழே சர்க்யூட் போர்டில் இரண்டு தடங்கள், இரண்டு சீப்புகளின் பற்களை ஒட்டாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து வைத்ததுபோல் ஓடும். அழுத்தினால் குமிழ் மடங்கி, வில்லை இரண்டு தடங்களின் மேலும் உட்கார்ந்து அவற்றை இணைக்கும். விட்டால் குமிழே நிமிர்ந்துகொள்ளும், ஸ்பிரிங் எதுவும் கிடையாது.

இந்த இணைப்பு உலோகத்தோடு உலோகம் சேர்வதுபோல் சுத்தமானது கிடையாது. நல்ல நிலையில் உள்ள வில்லையிலேயே சில பத்து ஓம் முதல் 200 ஓம் வரை மின்தடை இருக்கும். அது எவ்வளவு ஏறினால் பட்டன் செத்துப்போகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டன் கோடு ஒன்று 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் கட்டப்பட்டிருக்கிறது, பட்டனை அழுத்தினால் அந்தக் கோடு கிரவுண்டுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு, இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வில்லை 100 ஓம் என்றால் கோட்டில் மிஞ்சுவது சுமார் 0.05 வோல்ட், பிரச்சினையே இல்லை. வில்லை 2 கிலோ ஓம் ஆகிவிட்டால் 0.83 வோல்ட். டிடிஎல் என்ற பழைய டிஜிட்டல் வகைச் சில்லுக்கு 0.8 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் 'அழுத்தியாயிற்று' என்பது நிச்சயம். ஆக, 2 கிலோ ஓமிலேயே அது தடுமாற ஆரம்பிக்கும். ஊன்றி அழுத்தினால் வேலை செய்வதற்கும் இதுதான் காரணம். அழுத்தம் கூடினால் வில்லை தடத்தில் அதிகப் பரப்பில் படிந்து, மின்தடை அந்த நேரத்துக்கு மட்டும் இறங்குகிறது. இரட்டை அழுத்தலும் இதே குடும்பம்தான்: இணைப்பு நிலைக்காமல் நடுங்கும்போது கருவியின் மென்பொருள் அதை இரண்டு தனி அழுத்தலாக எண்ணிவிடும்.

மின்தடை ஏறுவதற்குக் காரணங்கள் பல. தூசி, விரல் எண்ணெய், எப்போதோ சிந்திய பானம் எல்லாம் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. சிலிக்கான் ரப்பரிலிருந்தே காலப்போக்கில் மெல்லிய எண்ணெய் கசிந்து, வில்லையின் மேலும் தடத்தின் மேலும் படலமாகப் படியும். பெட்டியை யாரும் தொடாமல் பல வருடம் மூடி வைத்திருந்தாலும் பட்டன்கள் கெட்டிருப்பது இதனால்தான். நிஜமான கார்பன் தேய்மானம், குமிழின் ஓரம் கிழிவது எல்லாம் ஓயாமல் அழுத்தப்படும் பட்டன்களில்தான் வரும்.

திறப்பதற்கு முன்

நினைவகத்தில் இருக்கும் ஒலிகளை முதலில் வெளியே எடுத்து வையுங்கள். மிடி (இசைக்கருவிகளைக் கணினியோடு இணைக்கும் முறை) உள்ள கருவியென்றால் சிஸ்எக்ஸ் என்ற மிடி செய்தி வழியாகக் கணினிக்கு அனுப்பலாம். அதைவிடப் பழையவற்றில் கேசட் வெளியீடு இருக்கும், அதைக் கணினியில் ஒலிப்பதிவு செய்தால் போதும். பட்டன் வேலைக்கும் நினைவக பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் திறந்த பெட்டிக்குள் கை தவறி அந்த 3 வோல்ட் பேட்டரியின் கால் விட்டுப்போனால் ஒலிகள் அழிந்துவிடும்.

அடுத்து, திறக்காமலே ஒரு சோதனை. கோளாறுள்ள பட்டன்களை ஒரு தாளில் வரைந்து குறியுங்கள். பட்டன்கள் தனித்தனிக் கம்பியில் இருப்பதில்லை. கிடைக்கோடும் நெடுக்கோடுமாக ஒரு கட்டத்தில் கோக்கப்பட்டிருக்கும். நான்கைந்து பட்டன்கள் ஒரேயடியாக, எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல் கிடந்தால், ரப்பரைச் சந்தேகிக்க வேண்டாம். அறுந்த தடம், கழன்ற ரிப்பன் கேபிள், கெட்ட சில்லு என்று கோடு முழுவதையும் பாதிக்கிற ஏதோ ஒன்றுதான் காரணம். ரப்பர் கோளாறு இப்படி ஒழுங்காக வராது. ஒன்று சுமார், ஒன்று மோசம், பக்கத்தில் ஒன்று நன்றாக இருக்கும், எல்லாமே அழுத்தத்துக்கு ஏற்ப மாறும்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. திருப்புளி, மல்டிமீட்டர், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, நார் உதிராத துணி, வெள்ளைத் தாள், சாமணம், படம் எடுக்க ஒரு போன். திருப்புளியில் மட்டும் கவனம். ஜப்பானியக் கருவிகளின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் பல ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர வகை. வழக்கமான பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

திறப்பது

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். அடாப்டரில் ஓடும் கருவி என்றால் கவலை குறைவு. பவர் சப்ளை உள்ளேயே இருக்கிற பெட்டி என்றால், மெயின்ஸ் (சுவர் மின்சாரம்) வந்து சேரும் மூலையில் கைவைக்கவே வேண்டாம், பட்டன் போர்டுக்கும் அதற்கும் வேலையில்லை.

ஸ்க்ரூக்கள் பல நீளத்தில் இருக்கும். ஓர் அட்டையில் கருவியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீளமானதைப் போட்டால் முகப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ரிப்பன் கேபிளைக் கழற்றும் முன் படம் எடுத்துவிடுங்கள். சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்று அதில் தெரிய வேண்டும். இழுக்கும்போது கம்பியைப் பிடிக்காமல் கனெக்டரைப் பிடியுங்கள். சில கனெக்டர்களில் மேலே ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதைத் தூக்கிவிட்டால் கேபிள் தானாக வந்துவிடும். ஸ்லைடர்களின் மூடிகளையும், முகப்பில் கையால் திருகும் குமிழ்களின் மூடிகளையும் நேராக மேலே இழுத்துக் கழற்ற வேண்டியிருக்கும்.

பட்டன் போர்டைத் தூக்கியதும் ரப்பர் விரிப்பு தெரியும். சில கருவிகளில் அது முகப்பில் தங்கும். சிலவற்றில் போர்டோடு வரும், அதில் சிறு ரப்பர்க் காம்புகள் போர்டின் துளைகளில் செருகியிருக்கும். காம்பை ஒவ்வொன்றாக, விரிப்பைப் போர்டுக்கு அருகில் பிடித்தபடி மெதுவாக விடுவியுங்கள். ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக உரித்தால் காம்பு துளையிலேயே அறுந்து நிற்கும்.

இப்போது இரண்டாவது சோதனை. போர்டு வெளியே இருக்கும்போதே கேபிளை மட்டும் மறுபடி மாட்டிக் கருவியை இயக்க முடிந்தால், கெட்ட பட்டனின் இரண்டு தடங்களையும் ஒரு துண்டுக் கம்பியால் லேசாகத் தொட்டு இணையுங்கள். கருவி உடனே கேட்டால் போர்டு நன்றாக இருக்கிறது, குற்றம் வில்லையில் அல்லது படலத்தில். கேட்காவிட்டால் ரப்பரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்தச் சோதனை அடாப்டர் அல்லது பேட்டரியில் ஓடும் கருவிக்கு மட்டும். மெயின்ஸ் உள்ளே வரும் கருவியைத் திறந்த நிலையில் இயக்குவது புதியவர்களுக்கு வேண்டாத வேலை.

துடைப்பது

போர்டின் தடங்கள் எதனால் ஆனவை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சளாக மின்னினால் தங்கப் பூச்சு. மங்கிய கறுப்பாக இருந்தால் கார்பன் மை. அது அழுக்கில்லை, தடமே அதுதான். தங்கத்தை ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, தேவைப்பட்டால் வெள்ளைப் பென்சில் அழிப்பானால் ஓரிரு முறை லேசாகத் தேய்க்கலாம். கார்பன் மையில் அழிப்பான், உப்புத்தாள், பல்துலக்கி எதுவும் ஆகாது. பஞ்சை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். பஞ்சில் லேசாகச் சாம்பல் நிறம் ஏறினால் பரவாயில்லை, நல்ல கறுப்பாக ஏறினால் மையே வருகிறது, நிறுத்திவிடுங்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரே எதையும் அடிக்கக் கூடாது. துரு விடுவிக்க வைத்திருக்கும் ஸ்பிரேயும் இதில் சேர்த்தி. அடித்த அன்று பட்டன் அருமையாக வேலை செய்யும், பிறகு அந்த எண்ணெயே புதிய படலமாகிவிடும்.

ரப்பர் விரிப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசலாம். விரலாலேயே தேய்த்தால் போதும். நுரை முழுவதும் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, ஓர் இரவு நிழலில் காயவிடுங்கள். குமிழ்களின் உட்புறத்தில் ஈரம் ஒளிந்துகொள்ளும், துணியின் முனையால் ஒற்றி எடுங்கள்.

வில்லைகளுக்குத் தாள் முறைதான் எனக்குப் பிடித்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, குமிழை மேலிருந்து அழுத்தி வில்லையைத் தாளில் ஊன்றி, ஒரு விரற்கடை தூரம் இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் பழுப்பும் கறுப்புமாக ஒரு கோடு விழும். இடம் மாற்றி இரண்டாவது, மூன்றாவது. கோடு வெளிறிச் சீரான சாம்பல் நிறத்துக்கு வந்ததும் போதும். வில்லையின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். துடைக்காதது கண்ணாடிபோல் வழுவழுப்பாகப் பளபளக்கும், துடைத்தது மங்கலாக, வெல்வெட்டுக் கறுப்பாக இருக்கும். அந்தப் பளபளப்புதான் நாம் நீக்க வந்த படலம். இன்னும் சுத்தம், இன்னும் சுத்தம் என்று தேய்த்துக்கொண்டே போனால் கார்பன்தான் தாளுக்கு இறங்கும். அசிட்டோன், பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம்.

அளப்பது

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, இரண்டு முனைகளையும் வில்லையின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் லேசாக வையுங்கள். குத்தினால் வில்லையில் பள்ளம் விழும். அளவு உங்கள் கை அழுத்தத்தைப் பொறுத்து ஆடும். அதனால் ஒரே ஓர் எண்ணை நம்புவதில் அர்த்தமில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயன். எதோடு ஒப்பிடுவது? அந்தக் கருவியிலேயே யாரும் அதிகம் தொடாத பட்டன் ஒன்று இருக்கும். டியூனிங், மிடி சேனல், நினைவகப் பாதுகாப்பு இப்படி ஏதாவது. அதன் வில்லைதான் உங்கள் அளவுகோல். அது 120 ஓம் காட்டும்போது கெட்ட பட்டன் 150 காட்டினால் வேலை முடிந்தது, மூடிவிடலாம். 3 கிலோ ஓம் காட்டினால் மறுபடி ஒருமுறை துடைத்து அளந்து பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால்தான் அதைத் தேய்ந்துவிட்டதென்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே தேய்ந்திருந்தால்

செலவே இல்லாத வழி இடமாற்றம். பட்டன்கள் தனித்தனி ரப்பராகவோ, ஒரே அளவுள்ள சிறு பட்டைகளாகவோ இருந்தால், அதிகம் அழுத்தும் பட்டனுக்கும் தொடாத பட்டனுக்கும் ரப்பரை மாற்றிப் போடுங்கள். ஒரே பெரிய விரிப்பாக இருந்தால் இது நடக்காது.

சில பிரபலமான மாடல்களுக்குப் புதிய ரப்பர் தொகுதி செய்து விற்கிறார்கள். உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் இனி வரும் பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

கிடைக்காவிட்டால் கார்பன் பூச்சு. ரிமோட், கீபேட் பழுதுபார்க்கவென்றே விற்கப்படும், சிலிக்கானை அடிப்படையாகக் கொண்ட பூச்சாக இருக்க வேண்டும். சர்க்யூட் தடம் ஒட்டவைக்கும் வெள்ளி அல்லது நிக்கல் பெயின்ட் இதற்கு உதவாது. அது சிலிக்கானில் பிடிக்காது, நாலு அழுத்தலில் செதிள் செதிளாகக் கழன்று தடங்களுக்கு நடுவே விழுந்து, பட்டனை நிரந்தரமாக அழுத்தியதுபோல் ஆக்கிவிடும். பூசும் முன் வில்லையை ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பல்குத்தும் குச்சியின் முனையில் மிகக் கொஞ்சமாக எடுத்து, வில்லையின் முகத்தில் மட்டும் மெல்லிய ஒரே அடுக்கு. ஓரத்தில் வழிந்து குமிழின் சுவரில் ஏறினால் அந்த இடம் விறைத்து, பட்டன் நிமிராமல் போகும். விரிப்பைத் தலைகீழாக, வில்லைகள் மேல்பார்க்க வைத்து, டப்பாவில் எழுதியுள்ள நேரம் முழுவதும் விடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இன்னொரு வழி, கார்பன் ரப்பரில் வெட்டிய சிறு வில்லைகளைப் பழையதன் மேல் ஒட்டுவது. சிலிக்கானில் சிலிக்கான் பசை மட்டுமே ஒட்டும், சாதாரண உடனடிப் பசை பிடிக்காது. அதிலும் வினிகர் வாசனை வரும் பசை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். ஒட்டும் வில்லையின் தடிமனையும் கவனியுங்கள். குமிழுக்கும் தடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே சில நேரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதில் பாதியை வில்லை தின்றுவிட்டால் பட்டன் தூசி பட்டாலே பேசும்.

பென்சில் கிறுக்குவது, அலுமினியத் தாள் ஒட்டுவது என்று இரண்டு பிரபலமான வைத்தியங்கள் உண்டு. மென்மையான 6பி பென்சிலால் வில்லையில் தேய்த்தால் பட்டன் உடனே பிழைக்கும், உண்மைதான். 'குற்றம் வில்லையில்தான்' என்று உறுதிசெய்ய அது நல்ல சோதனை. ஆனால் அந்தத் தூள் உதிர்ந்து தடங்களில் பரவும், பிடிப்பும் நிலைக்காது. அலுமினியத் தாளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படியும், ஓரங்கள் கார்பன் மைத் தடத்தைச் சுரண்டும். ரப்பருக்கு வைத்தியம் பார்க்கப்போய் போர்டுக்கும் வைத்தியம் தேடும்படி ஆகிவிடும்.

வாசிக்கும் கட்டைகள் என்றால்

அழுத்தும் வேகத்தை உணரும் கட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வில்லைகள் உண்டு. ஒன்று சற்று முன்னால் தொடும், மற்றது சற்றுப் பின்னால். இரண்டுக்கும் இடையே ஓடும் நேரத்தை அளந்துதான் நாம் மெல்ல வாசித்தோமா ஓங்கி வாசித்தோமா என்று கருவி முடிவு செய்கிறது. இதனால் கோளாறும் வினோதமாக வரும். ஒரு கட்டை மட்டும் எப்படி வாசித்தாலும் முழு வேகத்தில் அலறும், அல்லது ஊமையாக இருக்கும். இங்கே பூச்சு வேண்டவே வேண்டாம். ஒரு வில்லையின் உயரம் முடியளவு கூடினாலும் அந்த நேர இடைவெளி மாறி, அக்கம்பக்கத்துக் கட்டைகளோடு ஒத்துப்போகாமல் தனித்துக் கேட்கும். தாள் முறையில் துடையுங்கள், அதற்கு மசியாவிட்டால் பட்டை முழுவதையும் புதிதாக மாற்றுங்கள்.

மூடுவது

விரிப்பைப் போர்டில் திரும்ப வைக்கும்போது காம்புகளை மேலிருந்து குத்தித் திணிப்பதைவிட, போர்டின் பின்பக்கமிருந்து சாமணத்தால் பிடித்து மெதுவாக இழுப்பது எளிது. ஒரு காம்பு சரியாக உட்காராவிட்டாலும் விரிப்பு அந்த இடத்தில் உப்பி, பட்டன் ஓரமாக அழுந்தும். வில்லைகளையும் தடங்களையும் இந்தக் கட்டத்தில் விரலால் தொடாதீர்கள்.

பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூக்களை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் 'டக்'கென்று சிறிதாக இறங்கும், அதுதான் பழைய மரை. அங்கிருந்து முறுக்கினால் புதிய மரை வெட்டாமல் ஏறும், பழைய பிளாஸ்டிக் தூணும் விரிசல் விடாது. போர்டின் ஸ்க்ரூக்களை அளவோடு முறுக்குங்கள். அளவுக்கு மீறினால் விரிப்பு நசுங்கிச் சில பட்டன்கள் அழுந்தியபடியே நிற்கும்.

பெட்டியை முழுவதும் மூடும் முன், எல்லா ஸ்க்ரூவும் போடாத நிலையிலேயே சோதித்துவிடுவது நல்லது. மெயின்ஸ் உள்ளே வரும் கருவியென்றால் மூடியை வைத்து நான்கு மூலைகளை மட்டும் பூட்டிவிட்டு இயக்குங்கள். பல கருவிகளில் பட்டன்களைச் சோதிக்கவென்றே ஒரு முறை உண்டு. அதற்குள் போக எந்தெந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டு இயக்க வேண்டும் என்பது சர்வீஸ் மானுவலில் இருக்கும். ஒவ்வொரு பட்டனையும் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் சாதாரண விரல் அழுத்தத்தில் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் தவறினால் வில்லையின் அந்தப் பக்கம் இன்னும் படலம் இருக்கிறது.

எல்லாம் சரியாகி ஒரே ஒரு பட்டன் மட்டும் முரண்டு பிடித்தால், கம்பியால் தொட்டபோதும் கேட்காத பட்டன் அதுவென்றால், அதன் அருகில் உள்ள டையோடை (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) பாருங்கள். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்தால் ஒரு திசையில் 0.6 வோல்ட் அளவும், மறுதிசையில் ஒன்றும் இல்லாமலும் காட்ட வேண்டும். இரண்டு திசையிலும் ஒன்றும் காட்டாவிட்டால் டையோடு போய்விட்டது, அல்லது அதன் காலில் பற்றவைப்பு விட்டிருக்கிறது. பற்றவைப்பில் விரிசல் இருந்தால் காலைச் சுற்றி மெல்லிய வளையக் கோடாகத் தெரியும். பற்றுக்கோலால் ஒருமுறை சூடுகாட்டிப் புதிய ஈயம் வைத்தால் சரியாகிவிடும்.